நெய் ஊற்றிக் கட்டிய கோயில்

பிகானேரின் பண்டாசர் சமணக் கோயிலுக்குள் நுழைந்ததும் அங்கே இருப்பவர்கள் முதலில் பேசுவது தீர்த்தங்கரரைப் பற்றி அல்ல, நெய்யைப் பற்றி. அஸ்திவாரத்தில் 40,000 கிலோ நெய் இருக்கிறது, கோடையில் வந்து பாருங்கள், தரையெல்லாம் பிசுபிசுக்கும் என்பார்கள். ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதருக்காக 1468இல் தொடங்கி 1514இல் முடித்த மூன்றடுக்குக் கோயில் அது. சுவரும் விதானமும் ஓவியமும் தங்கப் பூச்சுமாக இருக்கிறது. ஆனாலும் ஊர் வாயில் நிற்பது நெய்தான்.

கதை இப்படிப் போகிறது. கட்டியவர் பண்டாஷா என்ற நெய் வியாபாரி. ஸ்தபதியை வரவழைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நெய்யில் ஓர் ஈ விழுந்தது. வியாபாரி அதை எடுத்து, ஈயில் ஒட்டியிருந்த நெய்யைத் தன் செருப்பில் தேய்த்துக்கொண்டார். ஸ்தபதிக்கு மனசு விட்டுப்போயிற்று. இந்தக் கஞ்சனா கோயில் கட்டப் போகிறான்? ஆழம் பார்க்க, "அஸ்திவாரம் நிலைக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் நெய் ஊற்றணும்" என்றார். மறுநாள் வண்டி வண்டியாக நெய் வந்து இறங்கியது. ஸ்தபதி கூசிப்போய், சும்மா சோதித்தேன் என்று ஒப்புக்கொண்டார். வியாபாரி விடவில்லை. கோயிலுக்கென்று கொண்டுவந்தது கோயிலுக்குத்தான், ஊற்றும் என்றார்.

இதில் எவ்வளவு நடந்திருக்கும்? நெய்யை மட்டும் ஊற்றி ஒரு சுவரையும் எழுப்ப முடியாது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்விடும். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதித்து நீறும். நீற்றின சுண்ணாம்பு மணலோடு சேர்ந்து சுவரில் ஏறிய பிறகு, காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. நடுவில் தண்ணீர் இல்லையென்றால் நீறுவதே கிடையாது. ஆனால் தண்ணீரோடு கொஞ்சம் நெய்யும் சேர்ந்தால் கதை வேறு. நீற்றின சுண்ணாம்பு கடுமையான காரம். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோடியத்தால் ஆன குளியல் சோப்பு தண்ணீரில் கரையும். கால்சியத்தால் ஆன சோப்பு கரையாது. அது சாந்தின் நுண்துளைகளுக்குள் படிந்து, வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. எண்ணெயும் கொழுப்பும் சாந்தில் சேர்ப்பது உலகின் பல மூலைகளில் இருந்த பழக்கம்தான். செட்டிநாட்டுக் கொத்தனார்கள் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்ததும் இந்தக் குடும்பத்து அறிவே. ஆக, பண்டாசரின் சாந்தில் நெய் கலந்திருந்தால் ஆச்சரியமில்லை. 40,000 கிலோ என்பதுதான் ஆச்சரியம். ஒரு கிலோ நெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் பால் என்றால், எட்டு லட்சம் லிட்டர் பால் அந்த அஸ்திவாரத்துக்குள் போயிருக்க வேண்டும். கோடையில் கசிவதற்கும் அவ்வளவு தேவையில்லை. நெய் 30 முதல் 40 டிகிரிக்குள் உருகிவிடும். பிகானேரின் மே மாதம் 45ஐத் தாண்டும். 500 வருட விளக்குகளின் நெய்யைக் குடித்த கல்லே அந்தச் சூட்டில் பளபளக்கும் என்பது என் அனுமானம்.

என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. தண்ணீருக்குப் பதில் நெய் என்பது நம் காதுக்கு ஊதாரித்தனத்தின் உச்சம். மார்வாரில் அப்படி அல்ல. நெய் கொட்டினால் எனக்கு ஒன்றும் போகாது, தண்ணீர் கொட்டினால் உயிர் போகும் என்ற பொருளில் அங்கே ஒரு பழமொழி உண்டு. நம்பும்படியான பேச்சுதான். ஒரு நல்ல மழைக்குச் சேவண் புல் முளைத்துவிடும். ராட்டி, தார்ப்பார்க்கர் மாடுகள் அதை மேய்ந்து பாலாக்கும். பால் நெய்யானால் மாதக்கணக்கில் கெடாது, ஒட்டகத்தில் ஏற்றி எங்கும் அனுப்பலாம். தண்ணீரை அப்படி உண்டாக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. தார்ப் பாலைவனத்தின் கோயில்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்குப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோயில் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் அழியாமல் இருக்கிறது, இப்போது ஏன் ஆட்டம் காண்கிறது என்று எதைக் கேட்டாலும் பதில் தண்ணீரில்தான் போய் முடிகிறது.

ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சென்னைக்கு ஒரு வடகிழக்குப் பருவமழை நாளில் அதில் பெரும்பங்கு கொட்டிவிடும். அரபிக்கடலிலிருந்து வரும் காற்றுக்கு ஆரவல்லி மலைத்தொடர் குறுக்கே நிற்பதில்லை, பக்கவாட்டில் படுத்திருக்கிறது. காற்று உரசாமல் போய்விடுகிறது. வங்கக்கடலிலிருந்து கிளம்பும் மேகமோ கங்கைச் சமவெளி முழுக்கப் பெய்து தீர்த்துவிட்டு வெறுங்கையோடுதான் இங்கே வந்து சேர்கிறது. இத்தனைக்கும் உலகப் பாலைவனங்களிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்தது தார். இத்தனை பேர் இங்கே எதைக் குடித்து வாழ்ந்தார்கள்?

1995இல் வெளிவந்த 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்ற இந்தி நூலில் அனுபம் மிஸ்ரா இதற்கு விடை சேகரித்து வைத்திருக்கிறார். பாலைவனத்துக்காரர்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மழையாக விழுந்து குளத்தில் நிற்பது பாலர் பானி. ஆழத்தில் கிடைக்கும் நிலத்தடி நீர் பாதாள் பானி. பல இடங்களில் அது வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டுக்கும் நடுவில், மணலுக்குள் ஈரமாகவே தங்கியிருப்பது ரேஜாணி பானி.

மூன்றாவதுதான் விந்தை. சில பகுதிகளில் மணலுக்குக் கீழே ஜிப்சம் கலந்த கெட்டியான அடுக்கு ஒன்று ஓடுகிறது. மழைநீர் மணலில் இறங்கி அந்த அடுக்கின் மேல் நின்றுவிடும்; அதற்கும் கீழேயுள்ள உப்புத் தண்ணீரோடு கலக்காது. சரி, மேலே கொளுத்தும் வெயிலில் ஆவியாகிப் போகாதா? களிமண் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியே ஈரம் போய்விடும். மணல் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, அதனால் வெடிப்பும் விழுவதில்லை. மேலே ஒரு சாண் மணல் காய்ந்ததும் கீழிருந்து ஈரத்தை ஏற்றும் நுண்ணிய நீரிழைகள் அறுந்துவிடுகின்றன. காய்ந்த மணலே மூடியாகிவிடுகிறது. இந்த ஈரத்தைப் பிடிக்க வெட்டுவதுதான் குயி. ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து வேலை செய்யும் அகலம்தான் இருக்கும். ஆழமோ முப்பது முதல் அறுபது அடி வரை போகும். அகலம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கசிந்து வருவது சொட்டுச் சொட்டாக. அகலமான குழியில் அது பரவி ஆவியாகிவிடும், ஒடுங்கிய குழியில் மொள்ளும் அளவுக்காவது உயர்ந்து நிற்கும். உள்ளே தோண்டுகிறவர் வெக்கையில் மூச்சுத் திணறாதிருக்க, மேலே நிற்பவர்கள் பிடிப்பிடியாக மணலை வேகமாக வீசுவார்கள். மணலோடு புதுக்காற்றும் இறங்கும். தோண்டுகிறவரின் தலையில் பித்தளைப் பாத்திரம் கவிழ்த்திருக்கும். பக்கத்து மணல் சரியாமலிருக்க, கீம்ப் என்ற புல்லைக் கயிறாகத் திரித்துச் சுருள் சுருளாக உள்சுவரில் அடுக்குவார்கள். இவ்வளவும் செய்து ஒரு நாளுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று குடம்.

இப்படிப்பட்ட ஊரில் தெய்வம் எங்கே குடியிருக்கும்? நீர்க்கரையில். ஜெய்சல்மேர் வட்டாரத்தின் பழைய குளக்கரைகளில் கோவர்தனத் தூண் என்று ஒரு கல்தூண் நட்டிருப்பதைப் பார்க்கலாம். நான்கு பக்கமும் உருவம் செதுக்கியிருக்கும். ஒரு பக்கம் கண்ணன் மலையைத் தூக்கி நிற்பான், இன்னொரு பக்கம் பிள்ளையார். ஓயாத மழையைத் தடுக்கக் குடை பிடித்த சாமியை, மழைக்கு ஏங்கும் ஊரின் குளத்தில் கொண்டுபோய் வைத்தவர்களின் குறும்பை நான் ரசிக்கிறேன். குளத்தை விடவும் முக்கியம் ஆகோர், அதாவது மழைநீர் ஓடிவந்து குளத்தில் சேரும் சுற்றுவட்ட நிலம். அந்த நிலத்தில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, மலஜலம் கழிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. கேட்டால் புனிதம் என்பார்கள். நீரியல் பொறியாளர் இதையே நீர்ப்பிடிப்புப் பகுதிச் சுகாதாரம் என்பார். நம் ஏரிகளின் வரத்துக்கால்வாயில் நாம் கொட்டுவதை நினைத்துப் பார்த்தால், சுகாதாரம் என்று சொல்லிப் புரியவைப்பதை விடச் சாமி என்று சொல்லிவிடுவது வேலை செய்திருக்கிறது.

ஜெய்சல்மேர் நகரத்துக்குக் குழாய் வரும்வரை குடிதண்ணீர் தந்தது காடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி சிங் புதுப்பித்ததால் அந்தப் பெயர். கரையெங்கும் சிறு கோயில்கள், மண்டபங்கள். ஏரிக்குப் போகும் வழியில் திலோன் என்ற நடன மாது கட்டியதாகச் சொல்லும் வாசல் ஒன்று உண்டு. அரசன் போகும் பாதையில் ஒரு தாசி கட்டிய வாசலா என்று அரண்மனையில் சலசலப்பு. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் அதன் உச்சியில் கண்ணன் கோயிலைக் கட்டிவிட்டாள், அதன் பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பது கதை. இன்று ஏரியில் வருடம் முழுக்கத் தண்ணீரும் படகும் இருக்கின்றன. அது மழை கொடுத்தது அல்ல. 1958இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், இப்போதைய இந்திரா காந்தி கால்வாய், இமயமலை ஆற்று நீரை இங்கே கொண்டுவந்துவிட்டது.

ஏரியிலிருந்து பார்த்தால் கோட்டை தெரியும். 1156இல் ராவல் ஜெய்சல் தன் தலைநகரைப் பக்கத்திலுள்ள லோதுர்வாவிலிருந்து இந்தத் திரிகூட மலைக்கு மாற்றினார். சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படத்துக்குப் பிறகு வங்காளிகளுக்கு இது பொற்கோட்டை. கோட்டைக்குள் 15, 16ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய ஏழு சமணக் கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்சுவநாதர், சம்பவநாதர், சந்திரபிரபர், ரிஷபதேவர் என்று சந்நிதிக்குச் சந்நிதி போய்க்கொண்டே இருக்கலாம். வெளியாட்களைக் காலை நேரத்தில்தான் விடுவார்கள். தோல் பெல்ட்டும் பர்ஸும் வெளியே. உள்ளே தூண்களிலும் தோரணங்களிலும் விரல் நுனி அளவு உருவத்துக்குக்கூட நகை, மடிப்பு, முகபாவம் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எப்படிச் சாத்தியம் என்றால், கல் அப்படி. நம் சிற்பிகள் மல்லுக்கட்டும் கருங்கல் எரிமலைக் குழம்பு பூமிக்குள் ஆறி இறுகியது. ஜெய்சல்மேர் மஞ்சள் கல் கடலடிச் சேற்றிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல். பதினாறு பதினேழு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மணல்வெளி முழுவதும் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சிப்பியும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்த சுண்ணாம்புதான் கல்லாயிற்று. அதில் கொஞ்சம் இரும்பு கலந்து, ஈரம் பட்டுத் துருப்பிடித்துக் கொடுத்த நிறம்தான் அந்த மஞ்சள். சாயங்கால வெயிலின் சிவப்பு அதில் விழும்போது தங்கம் என்கிறோம், உண்மையில் துரு. புவியியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குகளுக்கு இட்ட பெயர்களில் ஒன்று கோட்டை, ஒன்று குல்தரா, ஒன்று படாபாக். எல்லாம் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிற இடங்கள். இதே ஜெய்சல்மேர்ப் பாறைகளிலிருந்து சுமார் 16.7 கோடி ஆண்டு பழைய ஒரு டைனோசரின் எலும்புகளை எடுத்து, 2023இல் அதற்குத் தாரோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் சூட்டினார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி. தார் பாலைவனத்தின் பெயரைச் சுமக்கும் அந்த விலங்கு இருந்த காலத்தில் இங்கே பாலைவனம் என்ற பேச்சே இல்லை.

அந்தக் கடல் டெதிஸ் என்ற பெருங்கடலின் ஒரு கை. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது டெதிஸ் மூடிக்கொண்டது. அதன் அடித்தளம் மடிந்து இமயமலையில் ஏறியது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் பொறுக்கி, நம் வீட்டுப் பூஜை அறைகளுக்கு வந்து சேரும் சாளக்கிராமத்தை உடைத்தால் உள்ளே சுருள் சக்கரம் தெரியும். அது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. ஜெய்சல்மேர்ப் பகுதிப் பாறைகளிலும் அம்மோனைட் கிடைக்கிறது. ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமத்து விஷ்ணுவும் பாலைவனத்துச் சமணக் கோயிலின் சுவரும் அந்த வகையில் ஒரே கடலின் மிச்சங்கள். பக்கத்திலுள்ள ஹாபூர் கிராமத்துக் கல்லில் கடலுயிர்களின் எச்சம் நிறைய. அதில் செய்த கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தால் உறை இல்லாமலே தயிராகும் என்று கடைக்காரர்கள் விற்பார்கள். கல்லின் நுண்துளைகளில் முந்தின தயிரின் பாக்டீரியா தங்கிவிட்டால் எந்தக் கிண்ணத்துக்கும் அந்த மகிமை வந்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் தரைக்கு வருகிறது. அது சுண்ணாம்பைக் கரைக்கும். ஈரமான ஊரில் இந்த முகங்கள் எல்லாம் 500 வருடத்தில் மழுங்கிப் போயிருக்கும். மழை இல்லாததால் பிழைத்தன. அந்தப் பாதுகாப்பு இப்போது தளர்ந்துவிட்டது, காரணம் மேகமல்ல, குழாய்.

இந்தக் கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். முன்பெல்லாம் தண்ணீரைக் கீழேயிருந்து தலையில் சுமந்து மேலே ஏற வேண்டும். அதனால் ஒரு குடும்பம் சில குடத்தில் நாளை ஓட்டியது. வருஷத்தில் சில நாள் பெய்யும் மழையை வெளியேற்ற 'குட் நாலி' என்ற வடிகால்கள் நான்கு திசையிலும் இருந்தன. அவ்வளவுக்குத்தான் கோட்டை தயார். பிறகு குழாய் வந்தது, கழிப்பறை வந்தது, விடுதிகள் வந்தன, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. ஒருவருக்கு ஆகும் தண்ணீர் பல மடங்கு கூடிவிட்டது. உடைந்த குழாயிலும் அடைத்த சாக்கடையிலும் கசிந்தது நேராக மலைக்குள் இறங்கியது. மலை ஒரே பாறையாக இருந்தால் பரவாயில்லை. மேலே சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி வரும் அடுக்குகள். களி தண்ணீர் குடித்தால் உப்பும், வழுக்கும். கோட்டையின் 99 கொத்தளங்களும் சாந்தில்லாமல் கல்லோடு கல் பூட்டிக் கட்டியவை. அடியில் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் மேலே பூட்டு கழன்றுவிடும். 1990களின் இறுதியில் மதில் இடிந்து உயிர்கள் போயின. உலக நினைவுச் சின்ன நிதியம் 1996இலேயே ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ ராஜஸ்தான் மலைக்கோட்டைகளோடு இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2024 ஆகஸ்ட்டில் பெருமழை பெய்து இன்னொரு மதில் பகுதி சரிந்தது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோட்டைச் சந்துகளில் சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். முழங்கால் உயரம் வரை கல் வெளுத்து, செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். கீழேயிருந்து ஏறும் கழிவு ஈரம் தன்னோடு உப்பையும் கல்லுக்குள் கொண்டுவருகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகும். உப்பு துளைக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும், கல்லைத் தள்ளித்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஊர் எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும், அவ்வளவு வேகமாகக் கல்லும் உடையும். இத்தனை காலம் காப்பாற்றிய வறட்சி, குழாய்த் தண்ணீரோடு சேர்ந்ததும் எதிரி பக்கம் போய்விட்டது.

சம்பவநாதர் கோயிலுக்குக் கீழே ஒரு நிலவறை. ஜினபத்ரசூரி ஞான பண்டார் என்ற ஏட்டுச் சாலை. 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்ற துறவி தேடித் திரட்டிய சுவடிகள் அதில் இருக்கின்றன. பனையோலை ஏடுகளே நானூறு அளவில் உண்டு; ஆயிரம் ஆண்டை நெருங்கும் ஏடுகளும் அவற்றில் சேர்த்தி. தமிழ் வாசகருக்கு இது கொஞ்சம் பொறாமை தரும் எண். நம் ஏடுகள் பெரும்பாலும் இருநூறு முந்நூறு வருடத்தைத் தாண்டியதில்லை. சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தது, ஏடு செல்லரிக்கும் முன் யாரோ ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை படி எடுத்து வைத்ததால். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோது பல இடங்களில் அவருக்கு முன்பே கறையான் வந்து போயிருந்தது. பூஞ்சை முளைக்கக் காற்றில் ஈரப்பதம் அறுபது எழுபது சதவீதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். நம் கடற்கரை மாவட்டங்களில் வருடம் முழுக்க அப்படித்தான், ஜெய்சல்மேரில் மழைக்காலத்தின் சில வாரங்கள் தவிர அந்தப் பேச்சே இல்லை. கல்லால் சூழ்ந்த நிலவறையில் பகல் இரவு வெப்ப ஏற்றத்தாழ்வும் குறைவு. வேடிக்கை என்னவென்றால் இந்த மணலில் ஓலை தரும் பனையே கிடையாது. ஓலை தூரத்து ஈரநாடுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நாம் எழுத்தாணியால் கீறினோம், அவர்கள் மையைத் தொட்டுப் பேனாவால் எழுதினார்கள். ஜெர்மானிய அறிஞர்கள் பியூலரும் யாக்கோபியும் 1870களில் இந்தப் பண்டாரைப் பார்க்க வந்தார்கள். 1950ஐ ஒட்டி முனி புண்ணியவிஜயர் மாதக்கணக்கில் தங்கி ஏடுகளை ஒழுங்குபடுத்திப் பட்டியலிட்டார்.

கோட்டையை விட்டு, கோயிலைச் சுற்றிய நிலத்துக்கு வருவோம். தேஷ்னோக் கர்ணி மாதா கோயிலின் எலிகளைப் பற்றி எழுதாதவர் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். பிகானேரிலிருந்து 30 கிலோமீட்டர் காரில் வந்து, எலியைப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றிப் பரந்து கிடக்கும் இலந்தைக் காட்டை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் ஓரண். தெய்வத்தின் பெயரில் விட்ட நிலம். மேய்க்கலாம், விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம். பச்சை மரத்தில் கோடரி வைக்கக் கூடாது, உழக் கூடாது. நம் ஐயனார் கோயில்காடுகளுக்கு உறவு, ஆனால் அளவில் மிகப் பெரியது. ஜெய்சல்மேருக்குப் பக்கத்துத் தேக்ராய் மாதா ஓரண் 60,000 பீகாவுக்கு விரிந்தது என்று ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ராஜஸ்தான் முழுக்கச் சுமார் 25,000 ஓரண்கள், சேர்த்து ஆறு லட்சம் ஹெக்டேர் என்பது பொதுவாக வழங்கும் மதிப்பீடு.

பல ஓரண்களில் நிற்கும் கேஜ்ரி மரம் நமக்குப் புதிதல்ல. விருத்தாசலத்திலும் திருவான்மியூரிலும் தலமரமாக நிற்கும் வன்னிதான் அது. பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த அதே மரம். நம் ஊரில் அதற்கு வருடத்தில் ஒரு நாள் விஜயதசமி மரியாதை; அங்கே வருடம் முழுக்கச் சோறு. வேர் முப்பது மீட்டர் ஆழத்துக்கும் போகும், அதனால் மேலே விளையும் கம்பின் தண்ணீரைப் பிடுங்குவதில்லை. வேர் முடிச்சுகளில் தங்கும் பாக்டீரியா காற்று நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. தழை ஆட்டுக்கு, காய் சாங்ரி கறிக்கு. 1485இல் ஜாம்போஜி தொடங்கிய பிஷ்ணோய் மரபின் 29 நெறிகளில் பச்சை மரம் வெட்டாமையும் ஒன்று. 1730இல் ஜோத்பூர் அரசனின் ஆட்கள் கேஜர்லி கிராமத்துக்கு மரம் வெட்ட வந்தபோது அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து இறந்தவர்களோடு சேர்த்து 363 பேர். சுண்ணாம்புச் சூளைக்கு எரிக்கத்தான் அந்த விறகு தேவைப்பட்டது என்பது வழக்கில் உள்ள செய்தி. கட்டடத்துக்குச் சாந்து வேண்டுமென்றால் நெய் மட்டுமல்ல, காடும் வேண்டியிருந்தது.

ஓரணில் மேயும் கானமயில் இப்போது உலகிலேயே 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். ஆண் பறவை 15 கிலோ வரை எடை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் முன்னால் வரும் மின்கம்பி கடைசி நேரத்தில்தான் தெரியும், அந்த எடையோடு சட்டென்று ஒதுங்கவும் முடியாது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பல ஓரண்கள் தரிசு என்றே எழுதப்பட்டிருக்கின்றன. தரிசு என்றால் குத்தகைக்குக் கொடுப்பது சுலபம். மூன்று நான்கு நூற்றாண்டாக யாரும் உழாததுதான் அந்த நிலத்தின் மதிப்பு, பதிவேட்டில் அதுவே அதன் குற்றமாகிவிட்டது. ஓரண்களைப் பதிவேட்டில் ஏற்றக் கோரி ஜெய்சல்மேர்க் கிராமத்தார் நடைப்பயணம் போனார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஒவ்வொரு ஓரணையும் நிலத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அடையாளம் கண்டு, காடாக அறிவித்துப் பாதுகாக்கும்படி உத்தரவிட்டது. வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பயண முகவர்கள் டிசம்பர், ஜனவரியைத்தான் சொல்வார்கள். குளிர் இதமாக இருக்கும், வசதிதான். எனக்குக் கேட்டால் செப்டம்பர் கடைசி. வெயில் இருக்கும், ஒட்டகச் சவாரிக்காரர்கள் பாதிப்பேர் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். மழை பெய்திருந்தால் சேவண் புல் முழங்காலுக்கு நிற்கும், குளங்களில் தண்ணீர் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் விட்டுப்போன குல்தராவைப் பேய்க் கிராமம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பேயை விட்டுவிட்டு, அங்கே வாழ்ந்த பாலிவால்கள் பெயர் பெற்ற 'கடீன்' வயலைத் தேடிப் பாருங்கள். பாறை மேட்டில் விழும் மழை முழுவதையும் ஒரு நீண்ட மண்கரை கட்டித் தாழ்வில் நிறுத்தி, மண் குடித்துத் தீர்த்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைத்து, பிறகு ஒரு துளி மழையும் இல்லாமல் அறுவடை செய்த வயல்கள் அவை. அந்த வட்டாரத்தில் சில கடீன்களில் இன்றும் அப்படியே விதைக்கிறார்கள். குளத்துக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும், கோயில் இன்னும் தூரத்தில் இருந்தாலும், செருப்பைக் கழற்றச் சொன்னால் ஏனென்று கேட்காமல் கழற்றிவிடுங்கள்.